கம்ப்யூட்டருக்கு எங்கே பிரேக்?

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். ஊருக்கு அவள் பிரேக்கக்கா.

டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கும் ஒன்று இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் சுவரைப் பார்த்தோ மரத்தைப் பார்த்தோ மாமியாரைப் பார்த்தோ வண்டியை விட்டால், பக்கத்திலிருந்து ஒரே மிதி. அந்த மிதியில் பிரேக்கக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வண்டியில் அடிபட்டு இதுவரை ஒரு கோழிகூடச் செத்ததில்லை. இதை அவள் எல்லோரிடமும் சொல்லுவாள், கேட்காதவர்களிடமும் சொல்லுவாள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. டிவியில் எவனாவது வண்டியை வேகமாக ஓட்டினால் சோபாவுக்குக் கீழே அவள் கால் தரையை மிதிக்கும். வீட்டுக்காரர் டம்ளரில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றினாலும் மிதிக்கும். பக்கத்து வீட்டுப் பெண் காதலனைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோதும் மிதித்தது. அதற்குப் பலனில்லை, கல்யாணம் நடந்துவிட்டது.

வீட்டுக்காரர் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடி அல்ல, மூக்கில் மாட்டும் கண்ணாடி. வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு சில்லாகப் போட்டுப் போட்டு எடுத்து, "இது நல்லா தெரியுதா? இதுவா, அதுவா?" என்று கேட்பதுதான் அவர் தொழில். அவசரம் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. வீடு பற்றி எரிந்தாலும், "இந்தப் பக்கம் அதிகமா எரியுதா, அந்தப் பக்கமா?" என்று கேட்கிற ஆசாமி. ஆனாலும் இருவருக்கும் ஏழாம் பொருத்தம் என்று சொல்லிவிட முடியாது. நன்றாகத்தான் குடும்பம் நடத்தினார்கள். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

கல்யாணமான புதிதில் அவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று டிரைவிங் ஸ்கூல் காரிலேயே ஒரு காலி மைதானத்துக்கு அழைத்துப் போனாள். அவர் வண்டியைக் கிளப்பினார், அவள் மிதித்தாள். மறுபடி கிளப்பினார், மறுபடி மிதித்தாள். மைதானத்தில் ஓர் ஈ காக்கை இல்லை.

"ஏம்மா, நான் தப்பு பண்றதுக்கு முன்னாடியே நீ மிதிச்சா நான் எப்பதான் கத்துக்கறது?"

"நீங்க தப்பு பண்ணப் போறது எனக்கு முன்னாடியே தெரியுதுங்க."

அவர் இறங்கி வீட்டுக்கு நடந்தார். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஏறுங்க, ஏறுங்க" என்று கெஞ்சிக்கொண்டே அவர் பின்னால் வண்டியை உருட்டினாள். வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டது. அன்றைக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஊரில் பாதிப் பேரை ஓட்ட வைத்தவளுக்குக் கட்டிய புருஷனை ஓட்ட வைக்க முடியவில்லை என்பது அவளுக்கு நெஞ்சில் முள்தான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

இப்படி இருக்கையில் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. எந்த முழங்கால் என்று கேட்க வேண்டாம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கால் ஏற்கெனவே ரெண்டு பேர் ஆயுசுக்கு மிதிச்சிடுச்சு. இனிமே ஸ்கூல் வண்டி வேலை வேண்டாம்மா" என்றார்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி நல்ல மனிதர். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "அக்கா, பொம்மைக் கார் வாங்கப் போறேன். உள்ள உக்காந்தா எதிர்ல திரையில ரோடு வரும். நிஜ ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அதுல பழகிக்கலாம். ஆனா எந்த இடத்துல மழை வரணும், எந்த இடத்துல ஆடு குறுக்க வரணும்னு நாமதான் புரோகிராம் எழுதணும். அது உங்களுக்கு வந்தா அந்த ரூமு உங்களுது. வரலைன்னா வெளியில ஒரு இன்ஜினியரத்தான் பிடிக்கணும். மிஷின் வர்றதுக்குள்ள சொல்லுங்க."

வராவிட்டால் வீட்டில் உட்கார வேண்டும். சும்மா உட்காருவது அவளுக்குத் தெரியாத வேலை. மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். வேலைக்குப் போகிறவர்களுக்கென்று சனிக்கிழமைக் காலைகளில் புரோகிராமிங் வகுப்பு நடத்துகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவளே காரை ஓட்டிக்கொண்டு போனாள்; வீட்டுக்காரர் துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கவுண்டரில் அவள் பெயரைக் கொடுத்து முடித்ததும் அவரும் ஒரு விண்ணப்பம் கேட்டு வாங்கினார்.

"உங்களுக்கு எதுக்குங்க?"

"வாராவாரம் வெளிய மரத்தடியில உக்காந்து ஈ ஓட்டறதுக்கு உள்ள வந்து உக்காரலாமேன்னுதான்."

"ஆமா, உங்களுக்கு ஓட்டத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே" என்றாள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

முதல் சனிக்கிழமை. வகுப்பில் பாதிப் பேருக்கு மீசை இப்போதுதான் முளைத்திருந்தது, மீதிப் பேருக்கு நரைத்திருந்தது. பாடம் எடுத்தவள் ஓர் இளம் பேராசிரியை. கீச்சுக் குரல், முகத்தில் பாதியை மறைக்கிற கண்ணாடி. வீட்டுக்காரர் பாடத்தைக் கவனிக்கவே இல்லை. அந்தக் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் அதை நிமிர்த்தத் துடித்தன.

"இங்க ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்துதான் எழுதணும்" என்றாள் பேராசிரியை. "ஒருத்தர் டைப் பண்ணுவார். அவர்தான் ஓட்டுநர். இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து வாயால வழி சொல்லணும், கை வைக்கக் கூடாது. மணி அடிச்சா இடம் மாத்திக்கணும். மார்க் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்."

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து நின்றார்.

"மேடம், எங்க குடும்பத்துக்கு அது மட்டும் ஆகாதுங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அந்த மேஜைக்கு என்ன சாபமோ, அவர் டைப் செய்யும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்தது. ஓர் எழுத்தைத் தப்பாக அடிப்பார். பட்டென்று திரை இருண்டுவிடும். மறுபடி போட்டு, மறுபடி முதலிலிருந்து எழுதி, மறுபடி தப்பாக அடித்தால் மறுபடி இருட்டு. பேராசிரியை வயரை மாற்றச் சொன்னாள். பிறகு பெட்டியையே மாற்றச் சொன்னாள். பிரேக்கக்கா டைப் செய்யும்போது மட்டும் கம்ப்யூட்டர் சமர்த்தாக இருந்தது. "உங்க கை ராசிங்க" என்று அவள் வீட்டுக்காரரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

கடைசியில் எலக்ட்ரீஷியன் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனார். பிறகு அங்கிருந்தே குரல் வந்தது.

"அக்கா, நீங்க டிரைவிங் ஸ்கூல் பிரேக்கக்காதானே?"

"ஆமா. எப்படித் தெரிஞ்சது?"

"நானும் உங்ககிட்ட கத்துக்கிட்டவன்தான். இந்தக் காலை எங்க பார்த்தாலும் அடையாளம் தெரியும். சுவிட்ச் மேலருந்து எடுங்கக்கா."

தரையில் கிடந்த மின்சாரப் பலகையின் சுவிட்ச், சரியாக அவள் கால் போகிற இடத்தில் இருந்தது. அவர் தப்பு செய்யச் செய்ய அவள் மிதித்திருக்கிறாள். பேராசிரியை சிரித்த சிரிப்பில் அந்தச் சரிந்த கண்ணாடி மேஜைமேல் விழுந்தது. பலகையை எலக்ட்ரீஷியன் சுவர் ஓரத்துக்கு நகர்த்திக் கட்டிவிட்டார். மறுவாரத்திலிருந்து அந்தக் கால் வீட்டுக்காரரின் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த வாரம் அவர், கட்டட வேலைக்காரர்கள் போடுகிற இரும்பு வைத்த பூட்ஸோடு வகுப்புக்கு வந்தார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் படிப்பு ஏறத்தான் செய்தது. சும்மா இல்லை, பைத்தியமாக ஏறியது. "வணக்கம் அக்கா" என்று முதன்முதலாகத் திரையில் வந்தபோது அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, வகுப்பு முழுவதும் கேட்க, "வணக்கம்ப்பா" என்று பதில் சொன்னாள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதற்கு லூப் என்று பெயர் என்று தெரிந்ததும் தன் பட்டப்பெயரை ஒரு லூப்பில் போட்டு ஓடவிட்டாள். பிரேக்கக்கா, பிரேக்கக்கா, பிரேக்கக்கா என்று திரை நிரம்பி வழிந்து மேலே மேலே ஓடியது. எப்போது நிற்க வேண்டும் என்று சொல்ல மறந்திருந்தாள்.

"நிக்கச் சொல்லுங்க! ஐயோ, நிக்க மாட்டேங்குது! மேடம், கம்ப்யூட்டருக்கு எங்க பிரேக்கு?"

பேராசிரியை ஓடி வந்து இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கிக் காட்டினாள். ஓட்டம் நின்றது. கையால் போடுகிற பிரேக்! அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. திரும்பத் திரும்ப ஓடவிட்டு, திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தாள். பக்கத்து மேஜைக்காரர்களின் லூப்பையும் போய் நிறுத்திவிட்டு வந்தாள், கேட்காமலே.

வீட்டிலும் அதே பேச்சுதான். ஒருநாள் அவள் குளிக்கப் போகும்போது அவரிடம், "பால் பொங்கினா அடுப்பை அணைங்க, இல்லைன்னா அப்படியே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோதும் அவர் பாத்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னுமா பொங்கலை?"

"அடுப்பைப் பத்த வைன்னு நீ சொல்லவே இல்லையே!"

இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்த வயதில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது தனி வேலை. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

கடைசித் தேர்வுக்கு ஒவ்வொரு ஜோடியும் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அவர்கள் எழுதியது, வேறென்ன, கார். திரையில் ஒரு நீளச் சாலை. ஓரத்திலிருந்து ஒரு கோழி குறுக்கே வரும். கார் கோழியை அடிக்காமல் நிற்க வேண்டும். பொம்மைக் கார் அறைக்கு இதுதான் முதல் பாடம் என்று அவள் முதலாளியிடம் வாக்கே கொடுத்துவிட்டாள். மிஷின்கள் கப்பலில் ஏறிவிட்டன என்று அவரும் சொல்லிவிட்டார்.

ஜாக்கிரதை விதிகள் அத்தனையையும் அவளே எழுதினாள். கோழி தெரிந்தால் நில். கோழியின் நிழல் தெரிந்தால் நில். மழை வரும்போல இருந்தால் நில். பார்க்கக் கண் கொள்ளாக் காட்சியாக இருந்தது. ஓடவிட்டார்கள். கார் கிளம்பவில்லை. வேறு மாதிரி எழுதி ஓடவிட்டார்கள். ஊகூம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்திருக்கும், அந்தக் கார் நகரவில்லை. கோழி மட்டும் ராஜநடை போட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் வந்தது.

"எனக்கு இந்த வண்டியை முன்னாடியே தெரியும்" என்றார் வீட்டுக்காரர். "புது மாப்பிள்ளையா இருந்தப்ப ஓட்டியிருக்கேன்."

அவள் சுருக்கென்று நிமிர்ந்தாள்.

"ஒரு தடவை நீ எழுதினதையெல்லாம் எடுத்துட்டு ஓட விடுவோமே. இடிச்சா இடிக்கட்டும்" என்றார்.

"இடிக்கட்டுமா? என் வண்டியிலயா? அது மட்டும் நடக்காது."

திரும்பும்போது காரில் அவள் ஓட்டினாள், அவர் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். அந்தப் பழைய மைதானம் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது போல் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இன்ஜினியர் வந்து தன் அறையில் உட்கார்ந்துவிடுவான் என்பதற்காக மட்டும் அல்ல.

தேர்வை வேறொரு கூடத்தில் வைத்திருந்தார்கள். அவள் தன் இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அங்கே, கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, இன்னொரு மின்சாரப் பலகை. அதே சுவிட்ச், அதே இடம். வாசலில் நின்றிருந்த எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டார். உள்ளே வர அனுமதி இல்லாததால் அங்கிருந்தே அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

பேராசிரியை வந்து பக்கத்தில் நின்றாள். கோழி நடந்தது. கார் நின்றது.

"ரொம்ப ஜாக்கிரதையான வண்டி" என்றாள். "ஆனா ஓடாத வண்டிக்கு நான் எப்படி மார்க் போடறது? மணி அடிக்கறதுக்குள்ள ஓட வைங்க. சார் டைப் பண்ணட்டும். நீங்க வழி சொல்லுங்க."

வீட்டுக்காரர் கை விசைப்பலகைமேல் போனது. அவர் ஒரு விதியை நீக்கினார், ஓடவிட்டார், கார் அசையவில்லை. அடுத்ததை நீக்கினார். அவள் கால் உயர்ந்தது. மிதித்தால் கம்ப்யூட்டர் அணையும், எழுதியது போகும், தேர்வு போகும், அறை போகும். எல்லாம் அவளுக்குத் தெரியும். காலுக்குத் தெரிய வேண்டுமே! அவர் விரல் அடுத்த விதிக்குப் போனது. கால் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"மேடம், நான் காலை மேல வச்சு உக்காந்துக்கலாமா?"

"தாராளமா."

பல்கலைக்கழகத்தின் அந்த வழவழப்பான நாற்காலியில், இரண்டு கால்களையும் தூக்கி மடக்கி, முழங்கால் முனக முனக, அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எடுத்துடுங்க" என்றாள் அவள். "அதையும் எடுத்துட்டு ஓட விடுங்க."

எடுத்தார். ஓடவிட்டார். கார் கிளம்பியது! சாலையின் மொத்த நீளத்துக்கும் சீறிக்கொண்டு போனது. கோழி வந்தது. கார் நிற்கவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணை மூடவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, மிதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைசிவரை பார்த்தாள். கோழி காணாமல் போனது. கார் திரையைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

"செத்துடுச்சு" என்றாள் மெதுவாக. "என் முதல் கோழி."

வீட்டுக்காரர் மறுபடி ஓடவிட்டார். அதே கோழி, அதே ராஜநடையில், ஒன்றுமே நடக்காததுபோல ஓரத்திலிருந்து வந்தது. அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "திரும்ப வந்துடுச்சுங்க! பாருங்க, திரும்ப வந்துடுச்சு!" இடிக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் இடிக்கலாம். இந்த ஊரில் யாருக்கும் ரத்தம் வராது. "இடிங்க, இன்னொரு தரம் இடிங்க!" என்றாள். அவர் இடித்தார். பக்கத்து மேஜைகள் தங்கள் தேர்வை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தன.

பிறகு அவர் தன் தொழிலுக்குத் திரும்பினார். கோழி விதியை மட்டும் திரும்ப எழுதி, கோழிக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்ற எண்ணை மாற்றினார். "இது சரியா இருக்கா?" என்று கேட்டார். கார் ஒரு மைலுக்கு முன்னால் நின்றது. "ரொம்ப முன்னாடி." மாற்றினார். "இதுவா, அதுவா?" கோழியின் வால் போனது. "கொஞ்சூண்டு முன்னாடிங்க." மாற்றினார். கார் கோழியின் மூக்குக்கு நேரே நின்றது. கோழி ஒருமுறை காரைப் பார்த்துவிட்டுத் தன் வழியில் போனது. மணி அடித்தது.

"எல்லாம் சரி" என்றாள் பேராசிரியை. "முதல்ல ஏன் ஓடலைன்னு சொல்லுங்க. அதைச் சொன்னாத்தான் பாஸ்."

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். பேராசிரியை கையைக் காட்டி நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். அவள், வீட்டுக்காரர் கடைசியாக நீக்கிய அந்த விதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பிறகு அசடு வழியச் சிரித்தாள்.

"முன்னாடி எது இருந்தாலும் நில்லுன்னு எழுதிட்டேன் மேடம். முன்னாடி ரோடு இருந்தது."

பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு இருவர் பெயருக்கும் நேரே மார்க்கைப் போட்டுத் திருப்பிக் காட்டினாள். பாஸ். வீட்டுக்காரர் எழுந்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க, முதல் நாள்லருந்து கேக்கணும்னு இருந்தேன்" என்று சொல்லி, அவள் கண்ணாடியை வாங்கி, ஒரு கம்பியை லேசாக வளைத்து மாட்டிவிட்டார். "இப்ப எப்படி இருக்கு?" பேராசிரியை கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "அடேயப்பா, நேரா இருக்கே!" என்றாள்.

வெளியே வெயில். சனிக்கிழமை மத்தியானம், பல்கலைக்கழகத்தின் வண்டி நிறுத்துமிடம் வெறிச்சோடிக் கிடந்தது. அவள் முதலாளிக்குப் போன் போட்டு, ஏறத்தாழப் பாடிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். பேசி முடித்துத் திரும்பினால், வீட்டுக்காரர் காரின் ஓட்டுநர் பக்கத்துக் கதவருகே நின்று சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அவள் சாவியைக் கொடுத்தாள். டிக்கியிலிருந்து எல் போர்டை எடுத்து முன்னும் பின்னும் மாட்டினாள். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அது அவர்கள் சொந்தக் கார். அந்தப் பக்கம் பெடல் எதுவும் கிடையாது. இருந்தாலும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

வண்டி குலுங்கியது, நின்றது. குலுங்கியது, நின்றது. அப்புறம் கிளம்பியே விட்டது. நேரே, தூரத்தில், ஒரு குப்பைத்தொட்டி தெரிந்தது. பச்சை நிறம். நெருங்க நெருங்கப் பெரிதாகியது.

"ஏம்மா, பிரேக் போடட்டுமா?" என்றார் அவர்.

அவள் மடக்கிய காலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் கேக்கறீங்களே, ஓட்டறது நீங்கதானேங்க!"

குப்பைத்தொட்டியில் ஒரு சின்ன நெளிசல் விழுந்தது. காரிலும் ஒன்று. இருவரும் இறங்கிச் சுற்றி வந்து இரண்டையும் பார்த்தார்கள். அவள் சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க, ஏறுங்க" என்றாள். "திரும்ப ஓட்டுங்க."